ஊதாக் காகங்களின் நன்னடத்தை

பொழுதைப் போக்க நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அஞ்சலகத்தில் முத்திரை குத்திக் குத்தி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் என் தம்பி மகள் படிக்கும் கல்லூரியில் பொழுது அப்படி இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. அதற்கென்று ஒரு குழு உண்டு. முழுப்பெயர், மாணவர் பொழுதுபோக்கு மென்பந்துப் போட்டி ஒழுங்குமுறைக் குழு. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி. பாதியில் மூச்சு வாங்குகிறவர்கள் விளையாடப் போகலாம்.

தம்பி மகளுக்கு வீட்டிலும் கல்லூரியிலும் ஒரே பெயர்தான்: முட்டை. எதைச் சொன்னாலும் கண்ணை அவ்வளவு பெரிதாக விரிப்பாள். வேதியியல் இரண்டாம் ஆண்டு. பகலெல்லாம் ஆய்வகத்து நெடியில் நின்றுவிட்டு, சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் தோழர் தோழிகளோடு ஒரு மட்டையையும் தையல் விட்ட பந்தையும் வைத்துக்கொண்டு சாஃப்ட்பால் ஆடுவாள். ஆடுவாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்துவாள். விடுதியில் தும்மினால்கூட பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் தொண்டையைத் திறக்கிற இடம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஒருநாள் அவள் என் வீட்டுக்கு வந்து, பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயம் பெரிதுதான் என்று புரிந்தது.

"பெரியப்பா, மைதானத்தை எடுத்துக்கப் போறாங்களாம்."

"யாரு?"

"சாஃப்ட்பால் குழு."

"விளையாடறதுக்கா?"

"இல்ல. ஆபீஸ் கட்டறதுக்கு."

குழு வளர்ந்துவிட்டதாம். சீருடை உட்குழு, கைகுலுக்கல் உட்குழு, உட்குழுக்களைக் கண்காணிக்கும் உட்குழு என்று பெருகி, உட்கார நாற்காலி போட இடமில்லை. கல்லூரி வளாகத்தில் காலியாகக் கிடக்கும் ஒரே இடம் மைதானம். அதை எடுக்க ஒரே ஒரு தடை இருந்தது. அந்த ஆண்டுக்குள் குழு நடத்தும் போட்டியில் ஒரு ஆட்டமாவது, இரண்டு அணியும் களத்தில் நிற்க, கடைசி ஆள் அவுட் ஆகும்வரை நடந்துவிட்டால் மைதானம் பயன்பாட்டில் இருப்பதாக அர்த்தம். இல்லாவிட்டால் கட்டடம்.

"ஒரே ஒரு மேட்ச் முழுசா ஆடினா போதும் பெரியப்பா."

"அதென்ன பிரமாதம், ஆடிட்டுப் போங்களேன்" என்றேன்.

அப்போது நான் குழுவை அறியேன்.

மறுநாள் முட்டையும், அவள் வகுப்பில் படிக்கும் ஏணியும் பெயர் கொடுக்கப் போனார்கள். ஏணி என்பது உயரத்தால் வந்த பெயர். வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே போயும் பழக்கத்தில் குனிந்தே இருப்பான். அங்கே நடந்ததை முட்டை சொன்னபடியே சொல்கிறேன். மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

குழுத் தலைவரின் மேசை ஒரு சின்ன மைதானம் அளவு இருந்தது. அதன் நடுவே இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை. அதில் ஏகப்பட்ட பேனாக்கள். பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பந்து, கடையில் வாங்கிய உறை பிரிக்காமல். மறுபக்கம் செயலாளர் அம்மா, மடியில் விதிப்புத்தகம். அதைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பக்கத்தை மூக்கால் புரட்டினார்.

"இது பொழுதுபோக்குப் போட்டி" என்று ஆரம்பித்தார் தலைவர். "திறமை உள்ளவங்க உள்ள வந்துட்டா மத்தவங்க மனசு புண்படும். அதனால உங்களுக்குத் திறமை இல்லன்னு நீங்க நிரூபிக்கணும்."

"எப்படி சார்?"

பதிலாக, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை எடுத்து ஏணியின் முகத்தைப் பார்த்து எறிந்தார். ஏணி மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் அதைப் பிடித்தான்.

"தகுதி இழப்பு" என்றார் செயலாளர் அம்மா.

"மேடம், மூக்கு போயிடும்னு பிடிச்சேன்!"

"யோசிக்காமப் பிடிச்சது இன்னும் மோசம் தம்பி" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. "அது பிறவித் திறமை. மருந்தே கிடையாது."

அடுத்த குண்டு முட்டைக்கு. அவள் கண்ணை விரித்தபடி அசையாமல் நின்றாள். குண்டு அவள் காதோரமாகப் போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. அறை முழுக்கக் கைதட்டல்.

"இந்தப் பொண்ணு மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், இந்தப் போட்டி எங்கயோ போயிடும்" என்றார் தலைவர்.

செயலாளர் அம்மா ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். ஆட்டத்தின் நடுவில் யாராவது பந்தைக் கையில் பிடித்துவிட்டால் திறமை அம்பலமானதாகக் கருதி அந்த இடத்திலேயே வெளியேற்றப்படுவார். அணியில் ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் ரத்து.

முட்டை பத்துப் பேரைத் திரட்டினாள். அணியின் பெயர் 'கடைசி பெஞ்ச்'. 'புலிகள்', 'புயல்கள்' போன்ற பெயர்களில் வெற்றி பெறும் எண்ணம் தெரிகிறதென்று குழு நிராகரித்துவிட்டது. பத்துப் பேரும் சாயங்காலம் மைதானத்துக்குப் போய், வருகிற பந்தையெல்லாம் விடுவதற்குப் பயிற்சி எடுத்தார்கள். ஒரு பையனுக்கு மட்டும் கை தானாக நீண்டது. அவன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடப் பழகினான்.

இதற்கிடையில் நடுவர் தேவை என்று அறிவிப்பு வந்தது. மென்பந்து பற்றி எவ்வித முன்முடிவும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது தகுதி. எனக்குச் சாயங்கால நேரத்தில் வேறு வேலை இல்லை. போனேன்.

"ஒரு அணில எத்தனை பேர்?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

"தெரியாதுங்க."

"மட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

"பார்க்கலாம்."

அவரும் பக்கத்தில் இருந்த தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். விளையாடுபவர்களில் சொந்தக்காரர் உண்டா என்றும் கேட்டார்கள். கடைசி பெஞ்சின் தலைவி என் தம்பி மகள் என்று மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டினார். தாய், தந்தை, உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை ஆகியோருக்குத் தடை இருந்தது. பெரியப்பாவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு விசிலைக் கையில் கொடுத்தார்கள்.

போட்டி தொடங்கியது. தொடங்கியது என்றால், கூடாரம் போட்டு ஒலிபெருக்கி வைத்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் மகிழ்ச்சிச் சோதனை நடக்கும். பொழுதுபோக்கு என்பதால் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பது கட்டாயம். உதடு விரியலாம், பல் தெரியக் கூடாது. பல் தெரிந்தால் எதிரணியைப் பார்த்து இளிப்பதாகப் பொருள். முதல் ஆட்டத்தில் கடைசி பெஞ்சுக்கு எதிராக வந்த அணியின் தலைவனுக்கு முன்பல் எடுப்பு. பாவம், வாயை மூடப் படாத பாடு பட்டான். முடியவில்லை. அணியே வெளியேற்றப்பட்டது.

அடுத்த அணி குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. "இவ்ளோ ஆர்வம் ஆகாது" என்றார் தலைவர். "ஆர்வம் வந்தா ஜெயிக்கணும்னு தோணும். ஜெயிக்கணும்னு தோணினா விளையாடத் தோணும்." அவர்களும் போனார்கள். இன்னோர் அணியில் ஒரு பெண் கைகுலுக்கும்போது கொஞ்சம் அழுத்திவிட்டாள்; கைகுலுக்கல் உட்குழு மாலை முழுக்க விவாதித்து, வேதனையோடு முடிவெடுத்தது. நான் விசிலை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஊத ஒரு சந்தர்ப்பம் கூட வரவில்லை. ஒருதரம் கொட்டாவி விட்டபோது அதுவே ஊதிக்கொண்டது. அதற்கு விளக்கம் கேட்டு எழுதினார்கள்.

கடைசி பெஞ்ச் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வென்றது. திகைப்பில் அவர்கள் பல்லும் தெரியவில்லை, கையும் அழுந்தவில்லை. ஒரு பந்தைக்கூடத் தொடாமல் இறுதிக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் முட்டையின் முகம் இன்னும் தொங்கியது. ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் அளவு நாடா பிடித்துக்கொண்டு யாரோ நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று மாலை தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். "இந்தப் போட்டியில இதுவரைக்கும் ஒருத்தருக்குக் கூட அடிபட்டதில்ல. வாங்கின பந்து வாங்கின மாதிரியே இருக்கு. இது சாதாரண சாதனை இல்ல. விளையாடறவங்க மட்டும் குறுக்க வராம இருந்தா இன்னும் சிறப்பா நடத்தலாம்."

பேச்சு முடிந்ததும் முட்டை செயலாளர் அம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"மேடம், ஃபைனல்ல எங்களுக்கு எதிரா யாரு?"

"ஊதாக் காகங்கள். நடப்பு சாம்பியன். பல வருஷமா அவங்கதான்."

"நான் அவங்களப் பார்த்ததே இல்லையே?"

"யாருமே பார்த்ததில்ல. அதுதான் அவங்க சிறப்பு." அந்த அம்மாவின் குரல் குழைந்தது. "தாமதமா வந்ததில்ல, சீக்கிரமா வந்ததில்ல, பல்லைக் காட்டினதில்ல. நன்னடத்தைக்கு முழு மதிப்பெண். அதுக்குத்தான் கோப்பை."

"வந்ததே இல்லையே மேடம்! அப்ப அது தோத்த மாதிரிதானே?"

"வரலைன்னு பதிவு பண்ணணும்னா அந்த அணித் தலைவர் கையெழுத்துப் போடணும். அவர் வந்தா வாங்கிக்கலாம்."

"அவங்களுக்கு அடையாள அட்டை, திறமைச் சோதனை, மகிழ்ச்சிச் சோதனை?"

"எல்லாத்துலயும் விலக்கு. வராதவங்கள எப்படிம்மா சோதிக்கறது? அவங்களுக்காகவே தனித்தனியா தீர்மானம் போட்டிருக்கோம். ஃபைனலுக்கு நீங்க வந்து வெயில்ல நிப்பீங்க, சாயங்காலம் அவங்க ஜெயிச்சதா அறிவிப்போம். வழக்கமா அப்படித்தான்."

நான் முட்டையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்தக் கண்கள் விரிந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக அவை மெல்லச் சுருங்கின.

"யாருமே பார்த்ததில்ல?" என்று இன்னொரு தரம் கேட்டாள்.

"யாருமே."

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தேடி ஓடினாள்.

இறுதி ஆட்டத்தன்று கூடாரத்தில் கல்லூரி முதல்வர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்ச் வெயிலில் நின்றது. கட்டட வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் எழுந்தார்.

"வழக்கம்போல, ஒழுக்கத்தின் சிகரமாகிய ஊதாக் காகங்கள் அணியினர், தங்களுக்கே உரிய அடக்கத்தோடு..."

அடக்கத்தோடு மைதானத்தின் வாசலில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் ஊதா பனியன். ஆய்வகத்தில் மிச்சமிருந்த சாயத்தில் அவசரமாக முக்கியதால் சிலருக்குக் காதும் ஊதா. முன்னால் ஏணி. பின்னால் பல் எடுப்பான பையன், கையை அழுத்திய பெண், சீக்கிரம் வந்து தொலைந்த கூட்டம். குழு வெளியேற்றிய அத்தனை பேரிலும் தேறியவர்கள்.

"யார்றா நீங்க?" என்றார் தலைவர், ஒலிபெருக்கி இருப்பதை மறந்து.

"ஊதாக் காகங்கள் சார்" என்றான் ஏணி. "தற்செயலா இந்தப் பக்கம் வந்தோம். நம்ம ஃபைனல்தானேன்னு எட்டிப் பார்த்தோம்."

தலைவர் செயலாளர் அம்மாவின் காதில் சீறினார். ஒலிபெருக்கி அதையும் சொன்னது. "இவங்க அவங்க இல்ல!"

"அப்ப அவங்க யாரு சார்?" என்றார் அந்த அம்மா, கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

கூடாரத்துணி படபடத்தது. தலைவர் முதல்வரைப் பார்த்தார். அவர் அதற்குள் எழுந்து வாசலில் நின்ற காகங்களிடம் ஓடியே போய்விட்டார்.

"அடடா! வருஷா வருஷம் ஆண்டறிக்கையில உங்களப் பத்திப் படிச்சுப் படிச்சு, நேர்ல ஒருநாள் பார்க்க மாட்டோமான்னு ஏங்கியிருக்கேன்!" என்று பத்துப் பேரின் கையையும் குலுக்கினார். திரும்பி வரும்போது அவருக்கும் ஒரு கை ஊதா.

"அடையாள அட்டையக் கேளுங்க" என்றார் தலைவர்.

"விலக்கு இருக்கு சார்."

"அந்த நெட்டையன் திறமைசாலி! என் கண்ணால பார்த்தேன்!"

"காகங்களுக்குத் திறமைச் சோதனையும் கிடையாது சார். தீர்மானம் நீங்கதான் முன்மொழிஞ்சீங்க."

தலைவர் உட்கார்ந்தார். நான் விசிலை ஊதினேன். என் வாழ்நாளில் முத்திரை குத்தியதைத் தவிர இவ்வளவு திருப்தியாக எதையும் செய்ததில்லை.

பேழையிலிருந்து பந்தை எடுத்து உறையைக் கிழித்தபோது தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் அம்மா விதியைப் படித்தார்: இருப்பது ஒரே பந்து, அது தொலைந்தால் ஆட்டம் கைவிடப்படும். அதைக் கேட்டதும் தலைவர் மைதானத்தின் மதில் சுவரை ஒரு பார்வை பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை.

ஆட்டம் நடந்தது. உலகத்தில் அப்படி ஒரு ஆட்டம் நடந்திருக்காது. கடைசி பெஞ்சில் யாரும் பந்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஆள் போச்சு, ஆட்டம் போச்சு. அதனால் பந்து நின்ற பிறகு பொறுக்கி, ஒருவருக்கொருவர் தரையில் உருட்டிவிட்டார்கள். பொறுக்குவது திறமையா என்று தலைவர் ஆட்சேபம் எழுப்பினார். செயலாளர் அம்மா நெடுநேரம் மூக்கால் புரட்டிவிட்டு, குப்பையும் பொறுக்கத்தான் செய்கிறோம், அது திறமையாகாது என்று தீர்ப்புச் சொன்னார். காகங்கள் தங்கள் முறை வந்தபோது இரண்டு மூன்று ரன் ஓடிவிட்டு, அப்புறம், மூன்று தரம் பந்தைத் தவறவிட்டால் அவுட் என்பதால், மும்மூன்று தரம் காற்றில் மட்டையை வீசித் தாங்களாகவே அவுட் ஆகிக்கொண்டார்கள். முன்பல் பையன் வாயைத் திறந்து சிரித்தான். அவனுக்கு விலக்கு.

கடைசி முறை கடைசி பெஞ்சுக்கு. மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு முறை முடியும்; அதில் இரண்டு பேர் போயாகிவிட்டது. இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது, மைதானம் தப்பித்தது. மட்டையோடு வந்தாள் முட்டை.

"பயமா இருக்கு பெரியப்பா" என்று முணுமுணுத்தாள்.

"நடுவரோட பேசக் கூடாது" என்றேன். "மூணு தரம் காத்துல வீசிட்டுப் போ."

முதல் பந்தில் காற்றில் வீசினாள். இரண்டாவதிலும் காற்று. மூன்றாவதற்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுற்றினாள். கண்ணைத் திறந்துகொண்டு ஆயிரம் தரம் முயன்றாலும் வராத அடி அது. டப் என்று ஒரு சத்தம். பந்து வானத்துக்குப் போயிற்று.

மதில் சுவரைப் பார்த்துப் போயிற்று.

"அய்யோ" என்றாள் முட்டை, மட்டையைக் கீழே போட்டுவிட்டு.

தலைவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "போ! போ! தாண்டு! தாண்டிடு கண்ணு!" என்று கையை வீசிக் கத்தினார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. செயலாளர் அம்மா வழக்கத்தின் பேரில் குறித்துக்கொண்டார்.

ஏணி பின்வாங்கிப் பின்வாங்கி ஓடினான். முதுகு சுவரில் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் குனியாமல் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினான். அந்தக் கை எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. சுவருக்கு மேலே, சாக்கடைக்கு நேர் மேலே, பந்து அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"அவுட்!" என்றேன். குரல் மதிலில் மோதித் திரும்பியது.

தோற்ற அணி இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து நான் பார்த்ததில்லை. கடைசி பெஞ்ச் பத்துப் பேரும் ஓடிப்போய் ஏணியைத் தூக்கினார்கள். நீளம் போதாமல் இரண்டு இடத்தில் தொங்கினான். முட்டை கத்திய கத்தலில் தெருவில் ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றார். முதல்வர் ஊதாக் கையைத் தூக்கி, ஆட்டம் முறையாக நிறைவுற்றது, மைதானம் மைதானமாகவே இருக்கும் என்று அறிவித்தார். தலைவர் கையிலிருந்த வரைபடம் நழுவி உருண்டு கீழே விழுந்தது. அதை யாரும் பொறுக்கவில்லை.

"கோப்பையக் குடுங்க" என்றார் முதல்வர்.

தலைவர் விழித்தார். இத்தனை வருஷமாக வாங்க ஆள் வராததால் அதைக் கொடுக்கும் வழக்கம் இல்லை. செயலாளர் அம்மா அலுவலகத்துக்கு ஓடி, மேசை மேலிருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். தலைவர் எல்லோர் முன்னாலும் அதிலிருந்து பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சட்டைப்பை நிறைந்தது. மீதியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டார். ஏணி கோப்பையை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மைக்கறையைத் தன் ஊதா பனியனாலேயே துடைத்து, நேரே கொண்டுபோய் முட்டையிடம் கொடுத்தான். முதல்வர் தலைவருக்குக் கைகொடுக்க வந்தார். கொடுக்கக் கை இல்லை.

கூட்டம் கலைந்த பிறகும் தலைவர் பேனாக்களோடு அங்கேயே நின்றார். என்னைப் பார்த்ததும் தணிந்த குரலில் கேட்டார்: "சார், இதையெல்லாம் இனிமே நான் எதுல வைக்கறது?"

"அதுக்கு ஒரு குழு போடுங்களேன்" என்றேன், ஆறுதலாக.

போட்டுவிட்டார்கள். இப்போது நாற்காலிக்கு இடம் இன்னும் நெருக்கடியாம். நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போனேன். பேனாக் குழு மைதானத்தின் ஓரத்தில் நின்றபடியே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ தீர்மானம் வாசித்தார்கள். என்ன தீர்மானம் என்று யாருக்கும் கேட்கவில்லை. முட்டை அவ்வளவு சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.